ரீஸ்டார்ட் போட விடாதவள்

கணினியில் பிழைச் செய்தி வந்தால் சந்தோஷத்தில் கை கொட்டுகிற ஒரே ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மூன்று அறை, ஏழு பேர். நானும் அவளும் 2006-இல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கடைகளுக்கு பில் போடும் நிரல், ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ரிப்போர்ட் அடிக்கும் நிரல், லாட்ஜுகளுக்கு அறைப் பதிவு நிரல் என்று கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்து கொடுப்போம்.

எங்கள் தொழிலில் ஒரு பிழைச் செய்தி உண்டு. இந்தக் கோப்பை வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, அதனால் உன்னால் தொட முடியாது என்று சொல்லும். எவன் பயன்படுத்துகிறான் என்று மட்டும் சொல்லாது. அது வந்துவிட்டால் எங்களுக்கெல்லாம் அன்றைய வேலை போச்சு. அவளுக்கோ அன்றைக்குத் திருவிழா. எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய்ப் பின்சுவரில் இடிக்கும்.

“எவனோ பிடிச்சு வச்சிருக்கான்லே! எவன்னு பாப்போம், தள்ளு, தள்ளு!”

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடுவது. ரீஸ்டார்ட் போட்டால் எல்லாப் பிடியும் தானாக விட்டுப்போகும், வேலை நடக்கும், டீ குடிக்கப் போகலாம். அவள் இருக்கும்போது அது நடக்காது. மவுசை நோக்கிப் போகிற கையைத் தட்டிவிடுவாள்.

“ரீஸ்டார்ட் போட்டா கள்ளன் ஓடிருவான் மக்கா. நாளைக்கு இதே நேரத்துக்குத் திரும்பி வருவான். இப்ப கையும் களவுமா நிக்கான், விடலாமா?”

ஆள் குள்ளம். குரல் மட்டும் ஊருக்குப் பெரிசு. கடற்கரைக்காரி, அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள். கழுத்தில் உத்தரியம் என்கிற மாதா படத் துணித்துண்டைக் கட்டிய அதே கயிற்றில் ஒரு பென் டிரைவும் தொங்கும். எந்தக் கோப்பை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டுகிற சின்னக் கருவி ஒன்று அதற்குள் இருந்தது. மாதாவையும் பென் டிரைவையும் ஒரே கயிற்றில் கட்டலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். “ரெண்டும் ஆபத்துக்கு ஒதவுதுல்லா? ஒனக்கு என்ன நோவுது?” என்றாள்.

கள்ளனைக் கண்டுபிடிப்பதோடு அவள் நிறுத்தினால் நன்றாக இருந்திருக்கும். பேரைச் சொல்ல வேண்டும், அதுவும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எனக்கும் அவளுக்கும் முதல் சண்டை அதில்தான் வந்தது.

களியக்காவிளையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. சாயங்காலம் ஆனால் அவர்களின் சரக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும். தினமும் ரீஸ்டார்ட் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். கடை முழுக்க ஆள். லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. முதலாளி கல்லாவில் இருந்தபடி எங்களையே பார்க்கிறார். இவள் பென் டிரைவைச் செருகினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு கூவல்.

“அம்மோ! முப்பத்தொண்ணு எக்செல் நிக்குலே உள்ள!”

திரையில் ஒரு எக்செல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை பட்டியல் அச்சடிக்கும்போதும் எங்கள் நிரல் ஒரு எக்செல்லை எழுப்பி வேலை வாங்குகிறது. வேலை முடிந்ததும் அதை அனுப்பி வைக்க வேண்டும். அனுப்ப மறந்திருக்கிறது. அவை எல்லாமே பட்டியலை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றன. பொருள் விளங்கியதும் முதலாளி கேட்டார்: “இது ஆருக்க பணி?”

“இவன் எழுதினதாக்கும்” என்று என்னைக் காட்டினாள். கோபமே இல்லை, குசும்பும் இல்லை. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விடை கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. லாரியில் சாக்கு அடுக்குகிறவன்கூட என்னைத் திரும்பிப் பார்த்தான். திரும்பி வரும்போது பேருந்தில் அவளிடம் நான் பேசவில்லை. அவள் பாட்டுக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்த முப்பத்தொன்றையும் எப்படி ஒன்றாக்கலாம் என்று எனக்கே விளக்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

இன்னொரு பைத்தியமும் அவளுக்கு உண்டு. ஒரு நிரல் தனியாக ஓடாது. நூலகங்கள் என்று நாங்கள் சொல்லுகிற துணைக் கோப்புகள் பத்துப் பதினைந்து அதன் கூடவே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் படுத்துவிடும். திற்பரப்பில் ஒரு லாட்ஜ். அருவியில் குளிக்க வருகிறவர்கள் தங்குகிற இடம். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் மேனேஜர் அறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்திருக்கிறார். அந்தச் சூட்டோடு கணினியையும் சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்து, பேர் தெரியாத கோப்புகளையெல்லாம் குப்பை என்று அழித்துவிட்டார். அழித்ததில் எங்கள் நூலகங்கள் ஒன்பது. அமாவாசை அன்று அறைப் பதிவு நிரல் எழும்பவே இல்லை. வாசலில் ஈரத் துணியோடு குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். எந்த அறை யாருக்கு என்று எவருக்கும் தெரியாது.

இவள் குறுந்தகட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: “இனி கட்டுச்சோறுதான்லே. சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் ஒரே இலையில கெட்டிக் குடுத்துருவேன். எவன் எதைத் தொடுவான்னு பாக்கேன்.”

பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நூலகங்கள் எல்லாவற்றையும் நிரலின் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் கட்டி, ஓடும்போது அங்கிருந்தே நேராக நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். வெளியே ஒரே ஒரு கோப்பு. அழிப்பதற்கும் ஒன்றும் இல்லை, பூட்டிக்கொள்வதற்கும் ஒன்றும் இல்லை. அது முதல்முறை ஓடிய அன்று மேசையில் கையால் அடித்த அடியில் என் டீ கொட்டியது. எங்கள் முதலாளி கோப்பின் அளவைப் பார்த்து, “இது என்ன, ஆனை மாதிரி இருக்கு?” என்றார். “ஆனை ஆனாலும் ஒத்த ஆனைதானே சார்” என்றாள். அதற்கப்புறம் எங்கள் கம்பெனி நிரல்கள் எல்லாமே கட்டுச்சோறுதான்.

இப்படிப்பட்டவள் தன் ஊருக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுக்காமல் இருப்பாளா? கடியப்பட்டணத்துக்குக் கொஞ்சம் மேற்கே ஒரு கடற்கரை ஊர். பேர் வேண்டாம். அங்கே மாதா கோயில் அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. எந்த வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, எத்தனை பேரோடு எப்போது கடலுக்குப் போனது, எப்போது எங்கே கரை வந்தது என்று எழுதி வைக்கிற நிரல் அது. வள்ளங்கள் எப்போதும் சொந்தக் கரைக்கே வருவதில்லை. காற்றைப் பொறுத்து முட்டத்தில் ஏறும், குளச்சலில் ஏறும், சில நேரம் விழிஞ்ஞத்தில் ஏறும். ஏறியவர்கள் அங்கிருந்து கோயிலுக்குப் போன் போட்டுச் சொல்லுவார்கள். அலுவலகத்தில் இருக்கிற அக்கா அதைக் கணினியில் பதிவாள். சாயங்காலம் ஒரு தாளில் பட்டியல் எடுத்து மைக் அறைக்குக் கொடுப்பாள். கரை வராத வள்ளங்களின் பெயரை, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கோயில் மைக்கில் வாசிப்பார். ஊருக்கு அதுதான் செய்தி. மைக்கில் பேர் வந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் அந்த நிரலை எழுதிக் கொடுத்த ஆண்டில் ஒரு நாள், காலையில் நல்ல வெயில். மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தபோது போனவர்கள் போய்விட்டிருந்தார்கள். நாலு மணிக்கு அலுவலக அக்காவிடமிருந்து இவளுக்குப் போன். பட்டியல் அச்சாகவில்லை, கோப்பை வேறொரு நிரல் பிடித்திருக்கிறது என்று வருகிறது.

“யாரும் ரீஸ்டார்ட் போடண்டாம்!” என்று இவள் கத்திய கத்தலில் கீழே துணிக்கடையில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். “அக்கா, நான் வாறது வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை ஒருத்தனும் தொடப்பிடாது, கேட்டீங்களா?”

என் பைக்கில்தான் போனோம். மழையும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வழியெல்லாம் என் முதுகைத் தட்டி “வேகம் போலே” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுடைய அண்ணனும் அன்று கடலில் இருந்தான்.

ஊருக்குள் நுழையும்போதே மைக் கேட்டது. உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல இரண்டல்ல, இருபதுக்கு மேலே வள்ளங்கள். கோயில் முற்றத்தில் ஈர மணலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூலையிலிருந்து அலறல் எழுந்தது. இவள் அண்ணனுடைய வள்ளத்தின் பேரும் வந்தது. முற்றத்தின் ஓரத்தில் அவள் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இவள் அம்மாவைப் பார்த்தாள். நிற்கவில்லை. நேராக அலுவலகத்துக்குள் போனாள்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. எழுதப்படாதவை: 17. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. பகலிலிருந்து அக்கா பதிந்த பதினேழு கரை வரவுகள் கோப்புக்குள் போகவில்லை. கோப்பை யாரோ பிடித்திருப்பதால், நிரல் அவற்றை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கணினியை அணைத்தால் பதினேழும் போய்விடும். பதிந்தது திரையிலும் தெரியவில்லை; எந்த வள்ளம் எங்கே ஏறியது என்பது அக்காவுக்கு நினைவில்லை. போன் வந்தபடி நேராகப் பதிந்திருக்கிறாள், தாளில் எழுதவில்லை. திரும்பக் கேட்கலாம் என்றால் போன் எதுவும் கிடைக்கவில்லை.

“பதினேழு வள்ளத்துக்க உயிரு இதுக்குள்ள இருக்கு” என்றாள் இவள். “ஒருத்தனும் கிட்ட வராதீங்க.”

அப்போது கரண்ட் போனது. மைக் நிற்கவில்லை, கோயிலுக்கும் மைக் அறைக்கும் ஜெனரேட்டர் இருந்தது. அலுவலகத்துக்கு யு.பி.எஸ். மட்டும்தான். அது கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி, பத்து நிமிடம் தாங்கினால் பெரிய காரியம்.

பென் டிரைவைச் செருகினாள். கருவி ஓடியது. கோப்பைப் பிடித்திருப்பது யார் என்ற இடத்தில் ‘சிஸ்டம்’ என்று வந்தது. அதாவது கணினி தானே பிடித்திருக்கிறது. அவள் முகம் மாறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். “ஏட்டி, போதும், ரீஸ்டார்ட் போட்டுருவோம். போனது போகட்டும், போன் கிடைச்சதும் ஒவ்வொருத்தரா திரும்பக் கூப்பிட்டுப் பாப்போம்” என்றேன். சொன்னது மட்டுமல்ல, சுவிட்சு வரைக்கும் என் கை போனது. முழங்கையால் என் நெஞ்சில் ஒரு இடி வைத்தாள்.

“சும்மா இருலே! சிஸ்டம்னா இஞ்ச உள்ளவன் இல்ல. வெளிய இருந்து எவனோ கம்பி வழியா வந்து பிடிச்சிருக்கான். வேற கம்ப்யூட்டராக்கும்!”

அந்தக் கணினியின் கோப்புகளை வெளியிலிருந்து யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு இடம் உண்டு. அங்கே போனாள். ஒரே ஒரு வரி இருந்தது. மைக் அறைக் கணினியின் பேர்.

“மைக் ரூமா?” என்றாள். “அங்க இந்தக் கோப்பு எப்படிலே போகும்? நான் தாளுதானே குடுக்கச் சொன்னேன்?”

அதைச் செய்தது நான். இரண்டு வாரத்துக்கு முன்னால், பிரிண்டர் பார்க்க என்று தனியாக வந்திருந்தபோது, உபதேசியார் என்னைப் பிடித்துக்கொண்டார். முட்டு வலி தம்பி, தினமும் அலுவலகத்துக்கு நடக்க முடியவில்லை, பட்டியல் என் திரையிலேயே வருகிற மாதிரி ஏதாவது செய்து கொடு என்றார். பாவமாக இருந்தது. கோப்பு இருக்கிற இடத்துக்கு அவர் கணினியில் ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுத்தேன். வாசிக்க மட்டும் என்று கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இவளிடம் சொல்லவும் இல்லை. காற்று திரும்பியதும் உபதேசியார் பதற்றத்தில் மதியமே அதைத் திறந்திருக்கிறார், மூடவில்லை. மதியத்தில் எல்லா வள்ளமும் கடலில்தானே இருக்கும்? அந்தப் பழைய பட்டியலைத்தான் இரண்டு மணி நேரமாக ஊருக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் திறந்து வைத்ததாலேயே புதிய வரவுகள் உள்ளே போகவும் இல்லை.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரியின் மேல் அழுத்தி, திறந்திருந்ததை இங்கிருந்தே மூடினாள்.

திரையின் அடியில் பதினேழு பதினாறானது. பதினைந்து. பன்னிரண்டு. எட்டு. அறையில் நின்றவர்கள் ஆளாளுக்கு எண்ணத் தொடங்கினார்கள். “மூணு! ரெண்டு! ஒண்ணு!” சைபர் வந்தபோது ஒரு கிழவர் சிலுவை போட்டார். பட்டியல் திரையில் விரிந்தது. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

“விழிஞ்ஞம்! அண்ணன் விழிஞ்ஞத்துல ஏறிற்றான்! மூணரைக்கே ஏறிற்றான்லே!”

பிரிண்டருக்குக் கரண்ட் இல்லை. எவனோ நீட்டிய திருப்பலித் தாளின் பின்பக்கத்தில் வள்ளங்களின் பேரைக் கிறுக்கிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். யு.பி.எஸ். எப்போது அணைந்தது என்று எவருக்கும் தெரியாது. உபதேசியார் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கினாள். “எம்மா, அழாதீங்கம்மா, கேளுங்க, கேளுங்க!” என்று அவள் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. பதினேழு வள்ளங்களையும் வாசித்தாள். வள்ளத்தின் பேர், ஏறிய கரை, ஏறிய நேரம். ஒவ்வொரு பேருக்கும் முற்றத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அது முன்னால் கேட்ட கூச்சல் இல்லை. என் ஆயுளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மிச்சம் நாலு வள்ளம் இருந்தது. நாலும் மறுநாள் காலையில் தேங்காப்பட்டணத்தில் ஏறின.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். அப்புறம் கோபம் கிளம்பியது. நியாயமான கோபம். பத்திரமாகக் கரையில் நிற்கிற ஆட்களுக்காக இரண்டு மணி நேரம் மாரடித்து அழுதிருக்கிறார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதரிடம் வந்தான்.

“எவன் பாதர் காரணம்? எங்களுக்கு ஆளு தெரியணும்.”

உபதேசியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதர் இவளைப் பார்த்தார். “நீதான் சொல்லணும் பிள்ளே. எது பிடிச்சு வச்சிருந்தது?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். களியக்காவிளை நினைவுக்கு வந்தது. இப்போது என்னைக் காட்டுவாள். முகமெல்லாம் சிரிப்போடு, ஊருக்கே கேட்கிற குரலில்.

“எனக்க புரோகிராம்தான் பாதர்” என்றாள். “நான் எழுதினதுல தப்பு. ஒரு ஆளு திறந்தா இன்னொரு ஆளுக்கு வழி விடாது. உபதேசியாருக்கு இதுல ஒண்ணும் இல்ல. வேற ஒருத்தருக்கும் இல்ல.”

மயங்கியவளின் தம்பி அவளைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பைக்கை எடுக்கும்போது ஏன் என்று கேட்டேன். “ஒன்னயச் சொன்னா அவனுவ ஒன்ன முழுசா விடுவானுவளா? நான் ஊருக்காரி, ஏசிற்று விட்டுருவானுவ” என்றாள். பிறகு, “ஆனா உபதேசியாரிட்ட நீயே சொல்லிரு. மனுசன் தன்னாலதான்னு நெனச்சிட்டுக் கெடப்பாரு” என்றாள். ஒரு சுடுசொல் இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து, யார் திறந்து வைத்திருந்தாலும் எழுதுகிற மாதிரி நிரலை மாற்ற வேண்டும் என்று வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் மதியத்துக்குள் மாற்றியும்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து உபதேசியார் வெளியே வரும்வரை காத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்; குறுக்குவழி, வாசிக்க மட்டும் என்று கட்டாமல் விட்டது, சாப்பாட்டு நேரம், ஒன்று விடாமல். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் என் தோளில் கை வைத்துச் சிரித்தார்.

“அந்தப் பிள்ளை எனக்க வீட்டுக்கே வந்து சொல்லிற்றுப் போச்சே தம்பி, தப்பு தனக்காக்கும்னு. அவளுக்குக் கெட்ட பேரு வராம இருக்கணும்னு நீ இப்படி ஏத்துக்கிடுத. நல்ல பையன். ரெண்டு பேரும் நல்லா இருங்க.”

“இல்லை, உண்மையாகவே நான்தான்” என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னேன். அவர் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பி வைத்தார்.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். நாற்காலி பின்சுவரில் போய் இடிக்கிற அளவுக்குச் சிரித்தாள். 2011-இல் கல்யாணம் ஆகித் துபாய்க்குப் போனாள். போகும் முன்னால் அந்தக் கோயில் நிரலை என் பொறுப்பில் விட்டாள். இப்போதும் அந்த ஊருக்குப் போனால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்காகப் பழியை ஏற்றுக்கொள்ளப் பார்த்த தம்பி என்று எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுக்கிறார்கள். எத்தனை முறை மறுத்தாலும் எவரும் நம்புவதாக இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். அவள் நிரலில் தப்பு இல்லை. அன்று அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருந்தது நான்.